நிலைய வாசலில் நிற்கும் நீராவி எஞ்சினுக்கு ஓர் ஆர்வலரால் என்ன செய்ய முடியும்?

மீட்டர்கேஜ் பிரியன்:

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாக மற்றவர்கள் எழுதுவதைப் படித்து மட்டும் வந்த நான், ஒரு சந்தேகமும் ஒரு மனக்குறையும் சேர்ந்து உறுத்துவதால் இன்று முதன்முறையாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் வாசலில், சிமென்ட் மேடை ஒன்றின் மீது, ஒய்.பி. வகை மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின் ஒன்று நிற்கிறது. மீட்டர் கேஜ் பாதைகளை அகலப்பாதையாக மாற்றும் திட்டம் 1992-இல் தொடங்கி, சில ஆண்டுகள் கழித்து எங்கள் தடத்துக்கும் வந்து சேர்ந்தபின், பழைய நாட்களின் அடையாளமாக அதைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அதன் கேபினுக்குள் ஏறி நின்று, கையில் அகப்பட்ட பிடியையெல்லாம் இழுத்துப் பார்த்த தலைமுறை எங்களுடையது. இன்று ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் யாரேனும் பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருவதற்கு முந்தைய வாரத்தில், அதற்குக் கறுப்பு வண்ணமும், சக்கரங்களுக்குச் சிவப்பும், சக்கரங்களை இணைக்கும் தண்டுகளுக்கு வெள்ளி வண்ணமும் பூசுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் எஞ்சினின் முன்புறம், புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் புகைப்பெட்டியின் அடிப்பகுதியில் வண்ணம் கொப்புளம் விட்டு உரிந்து, துருநீர் மேடையில் செந்நிறக் கோடாக வழிகிறது. கடந்த ஐப்பசி மழைக்குப் பின் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். தகடு அப்பளத்தைப் போல நொறுங்கி விரலோடு வந்துவிட்டது. அன்றிரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

நான் பொறியாளன் அல்லன். வங்கியில் கணக்கு எழுதுபவன். ஆண்டுக்கு இருமுறை மேட்டுப்பாளையத்துக்குச் சென்று நீலகிரி மலை ரயிலில் பயணம் செய்வதும், பழைய எஞ்சின்களின் படங்களைச் சேர்ப்பதும்தான் எனக்குத் தெரிந்த பொழுதுபோக்கு. ரசிப்பதோடு நில்லாமல், பாதுகாப்பதிலும் என்னைப் போன்ற ஒருவனுக்கு ஏதேனும் வேலை உண்டா என்பது என் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, நண்பர் ஒருவரோடு நடந்த வாக்குவாதத்தில் பிறந்தது. மலை ரயிலை இழுக்கும் எஞ்சின்களில் சில 2011-க்குப் பிறகு திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் புதிதாகச் செய்யப்பட்டவைதாமே, அவற்றில் என்ன பாரம்பரியம் இருக்கிறது என்று அவர் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பொன்மலை ஓய்வூதியர்:

தம்பி, நான் பாய்லர் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு நாள் மழையின் விளைவு அன்று. எஞ்சினை அந்த மேடையில் ஏற்றிய நாளிலேயே தொடங்கிய நோய் அது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கரி எரிந்த புகையோடு பறந்து வரும் சாம்பலும் அரைகுறையாக எரிந்த கரித்துகளும் புகைப்பெட்டியின் அடியில் வந்து தங்கும். ஷெட்டுக்குத் திரும்பியதும் முன்கதவைத் திறந்து மண்வெட்டியால் அதை அள்ளிக் கொட்டுவது அன்றாட வேலை. காட்சிக்கு வைக்கும்போது பல இடங்களில் கடைசியாகச் சேர்ந்ததை அள்ளாமல் விட்டுவிடுவார்கள். நிலக்கரியில் கந்தகம் உண்டு. புகைபோக்கியின் திறந்த வாய் வழியாக இறங்கும் மழைநீர் அந்தச் சாம்பலை நனைத்துவிட்டால், அது இளம் அமிலச் சேறாக மாறி, வெயிலில் காய்வதும் மழையில் ஊறுவதுமாகத் தகட்டை உள்ளேயிருந்து தின்றுகொண்டே இருக்கும். வெளிப்பக்கம் எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் இந்த நோய் ஆறாது. சொல்லப்போனால், ஓட்டை விழும் நாள் வரை அதை நம் கண்ணில் படாமல் மறைத்துவைக்கும் வேலையைத்தான் பெயின்ட் செய்கிறது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது புகைப்பெட்டியைத் திறந்து, சேற்றைச் சுரண்டி எடுத்து, நன்றாக உலர்த்துவது. பிறகு புகைபோக்கியின் வாயை, கீழேயிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாதபடி, ஒரு தகட்டு மூடியால் மூட வேண்டும். அடியில் நீர் தங்காமல் வடிய ஒரு துளையும், காற்று உலவ வழியும் இருக்க வேண்டும். எஞ்சினுக்குப் பின்னால் கரியும் நீரும் சுமக்கும் டெண்டரின் தண்ணீர்த் தொட்டியிலும் இதே கதைதான்; மேல்மூடி காணாமற்போன தொட்டியில் ஒவ்வோர் ஆண்டும் மழைநீர் நிறைந்து, கொசு வளர்ந்து, அடித்தகடு சல்லடையாகிவிடும். கேபின் கூரையின் மூலையில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், கோயில் கோபுரத்தைப் பிளக்கும் வேர் ரிவெட் இணைப்பையும் பிளக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பாய்லரின் வெளித்தகட்டுக்கும் பாய்லருக்கும் நடுவே, வெப்பம் வெளியேறாமல் இருக்க ஒரு பொதி வைத்திருப்பார்கள். அந்தக் காலத்து எஞ்சின்களில் அது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். வெளித்தகடு துருப்பிடித்துத் தொங்குகிறதே என்று அதைப் பிய்த்துப் பார்க்கவோ, உள்ளே கையை விடவோ கூடாது. நாங்கள் அறியாமையால் அந்தத் தூசியில் நின்று வேலை பார்த்தோம். நீங்கள் அறிந்தபின் அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

மேலும், அந்த எஞ்சின் ரயில்வேயின் சொத்து. அனுமதியின்றி ரயில்வே இடத்துக்குள் நுழைவதே 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், நல்ல எண்ணத்தோடும்கூட ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எழுதுங்கள். நிலைய மேலாளருக்கும், கோட்ட ரயில்வே மேலாளர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். ‘பாரம்பரிய எஞ்சினைப் பராமரிக்க ஆவன செய்யுமாறு’ என்று எழுதும் கடிதம் கோப்பில் படுத்துவிடும். புகைப்பெட்டியைச் சுத்தம் செய்தல், புகைபோக்கிக்கு மூடி, வடிகால் துளை, டெண்டர் தொட்டியை வற்றவைத்தல் என்று நான்கு வேலைகளை மட்டும், நான்கு படங்களோடு எழுதுங்கள். இரண்டு ஃபிட்டர்களும் ஓர் உதவியாளரும் சில நாட்களில் முடிக்கக்கூடியவை அவை. எது சிறிய வேலையோ அதைத்தான் எந்த அதிகாரியும் உடனே ஒப்புக்கொள்வார்.

கடைசிப்பெட்டிப் பயணி:

பொன்மலை ஐயா பாதுகாப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டதால், நான் ரசிப்பதைப் பற்றியும், ரசிப்பதே எப்படிப் பாதுகாப்பாக மாறக்கூடும் என்பதைப் பற்றியும் எழுதுகிறேன். கடந்த பல ஆண்டுகளில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நான் எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்பதை வீட்டில் சொல்வதில்லை.

மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏறுகிறவர்களில் பலரும் முன்னால் இருக்கும் பெட்டிக்கு ஆசைப்படுவார்கள். காட்சிக்காக என்றால் அது சரிதான். ஆனால் மலை ஏறும்போது எஞ்சின் ரயிலை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. எஞ்சினுக்காகப் போகிறவர் கடைசிப் பெட்டியில், எஞ்சினுக்கு மிக அருகில் உட்கார வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை தரை சமமானது. அதன் பிறகு குன்னூர் வரை சுமார் 19 கிலோமீட்டருக்கு இரு தண்டவாளங்களின் நடுவே பல் தண்டவாளம் ஓடுகிறது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவு அங்கே இருக்கிறது. பல் தண்டவாளம் என்பது ஒற்றைச் சட்டம் அன்று. அருகருகே பதித்த இரண்டு சட்டங்களில், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் வருமாறு தள்ளி அமைத்திருப்பார்கள். எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதேனும் ஒரு பல்லையாவது முழுமையாகக் கவ்விக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்ட முறை இது.

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்ட இந்த எக்ஸ் வகை எஞ்சின்களுக்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள். கீழே உள்ளவை வழக்கமான சக்கரங்களைச் சுழற்றுகின்றன. மேலே உள்ளவை பல்சக்கரங்களைச் சுழற்றுகின்றன. சமதரையில் கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் உழைக்கும், அங்கே வேலை முடித்த நீராவி நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடும். கல்லாறைத் தாண்டியதும் அதே நீராவியை வெளியே விடாமல் மேல்சிலிண்டர்களுக்கு அனுப்பி, இரண்டாம் முறையும் வேலை வாங்குகிறார்கள். பிழிந்த கரும்புச் சக்கையை மறுபடியும் ஆலையில் கொடுத்துப் பிழிவதைப் போன்றதுதான். இந்த மாற்றம் நிகழும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அதுவரை சீராக விழுந்துகொண்டிருந்த மூச்சு தடுமாறி, கனத்து, வேறொரு தாளத்தில் மீண்டும் எழும். ஒரே எஞ்சின்தான், ஆனால் குரல் இரண்டு.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லோரும் வடைக்கும் தேநீருக்கும் இறங்குவார்கள், குரங்குகள் உட்பட. அந்த நேரத்தில் நான் எஞ்சின் எண், பெட்டிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு நிலையத்துக்கும் வந்த நேரம், புறப்பட்ட நேரம், மழையா வெயிலா, நீராவி போதாமல் நடுவழியில் நின்றதா என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். முதல் ஆண்டில் இது வெறும் கிறுக்கலாகத்தான் தெரிந்தது. பத்தாண்டுக் குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, எந்த எஞ்சின் எப்போது ஓவர்ஹாலுக்காக மலையை விட்டு இறங்கியது, திரும்பி வந்தபின் அதன் ஓட்டம் எப்படி மாறியது என்பதெல்லாம் அதில் இருந்தன. வங்கியில் கணக்கு எழுதுபவருக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு இருக்க முடியாது. பயணத்தைத் திட்டமிடும்போது ஒரு யோசனை: வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவால் இந்தப் பாதை அடிக்கடி மூடப்படும், ஆகவே ஐப்பசி, கார்த்திகையை நம்பி விடுப்பு எடுக்காதீர்கள்.

உங்கள் நண்பரின் கேள்விக்கு என் பதில் இது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், உதகை வரை 1908-லும் ரயில் ஓடத் தொடங்கியது. யுனெஸ்கோ 2005-இல் இந்தப் பாதையை, அதற்கு முன் 1999-லேயே இடம்பெற்ற டார்ஜிலிங் ரயிலோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பாதை, பாலங்கள், 16 குகைகள், பல் தண்டவாளம், அதில் நாள்தோறும் ஏறும் ரயில் ஆகிய யாவும் சேர்ந்ததுதான் அந்தப் பாரம்பரியம். பழைய எஞ்சின்கள் தளர்ந்துவிட்டன என்று டீசல் எஞ்சினைப் பல் தண்டவாளத்தில் ஏற்றாமல், அதே எக்ஸ் வகையையே மறுபடியும் செய்தார்களே, அந்த முடிவைத்தான் நான் பாராட்டுவேன். முதலில் எண்ணெயில் எரியும் நான்கும், 2021-இல் கரியிலேயே எரியும் ஒன்றும் பொன்மலையிலிருந்து வந்தன. எண்ணெய் எஞ்சினின் பர்னர் இரைச்சல் எனக்குப் பிடிக்காது என்பது தனிக்கதை. கரிப்புகையின் வாசனையோடு வளர்ந்தவனுக்கு அது மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் நினைவைத்தான் தருகிறது.

லங்காஷயர் தமிழன்:

நான் பதினைந்து ஆண்டுகளாக இங்கிலாந்தில் வசிக்கிறேன். வார இறுதிகளில் இங்குள்ள ஒரு பாரம்பரிய ரயில் பாதையில் ஊதியமில்லாத் தொண்டராக வேலை செய்கிறேன். இந்த நாட்டில் ஆர்வலர்களின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொன்னால், நம் ஊரில் எது முடியும், எது முடியாது என்பது தெளிவாகலாம்.

வேல்ஸில் உள்ள டாலித்லின் என்னும் சிறு ரயில் பாதை மூடப்படவிருந்தபோது, ஆர்வலர்கள் சங்கம் அமைத்து 1951 முதல் அதைத் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். உலகில் தொண்டர்கள் ஏற்று நடத்திய முதல் ரயில் பாதை அதுதான். பிறகு 1968 ஆகஸ்டு மாதத்தோடு பிரிட்டிஷ் ரயில்வே தன் பெரும்பாதைகளில் நீராவியை நிறுத்தியது. வேல்ஸின் பாரி துறைமுகத்தில் ஒரு பழைய இரும்பு வியாபாரி, வாங்கிய எஞ்சின்களை உடனே உடைக்காமல், முதலில் சரக்குப் பெட்டிகளை உடைக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடற்காற்றில் வரிசையாகத் துருவேறி நின்ற அந்த எஞ்சின்களை ஆர்வலர்கள் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி விலைக்கு வாங்கினார்கள். அப்படி 213 எஞ்சின்கள் மீண்டன. அவற்றோடு ஒப்பிட்டால் உங்கள் ஒய்.பி. நல்ல உடல்நிலையில் இருக்கிறது என்றே சொல்வேன்.

ஆனால் தொண்டு என்றதும் எஞ்சின் ஓட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு முதல் ஆண்டு முழுவதும் கிடைத்தது ஒரு பழந்துணியும், ஒரு டின் மண்ணெண்ணெயும்தான். எஞ்சினின் அடியில் நுழைந்து, பழைய கிரீஸைத் துடைக்க வேண்டும். அது வேண்டாத வேலை அன்று. துடைக்கிற கைதான் முதலில் விரிசலைக் காண்கிறது, தளர்ந்த நட்டை உணர்கிறது. பிறகுதான் தீ மூட்டும் வேலைக்கு விட்டார்கள். குளிர்ந்த பாய்லரில் அவசரமாகத் தீயை வளர்த்தால் மேற்பகுதி முதலில் சூடாகி விரிந்து, அடிப்பகுதி குளிர்ந்தே இருக்க, இணைப்புகள் இழுபட்டு ஒழுகத் தொடங்கும். ஆகவே முந்தைய நாளே சிறு தீயை வைத்து, இரவெல்லாம் மெல்லச் சூடேற்றி, விடியும்போது நீராவி அழுத்தமானியின் முள் நகர்வதைப் பார்ப்போம். நம் வீட்டில் உலையை அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதைப் போல இங்கே முடியாது; யாராவது ஒருவர் உடனிருந்தே ஆக வேண்டும்.

ஓடும் எஞ்சின்தான் உயிருள்ள எஞ்சின் என்ற பொதுவான எண்ணத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஓடுகிற எஞ்சின் தன்னைத்தானே தின்றுகொண்டுதான் ஓடுகிறது. இங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை பாய்லரைக் கழற்றி, டியூப்களை உருவி, தேய்ந்த தகடுகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்துகிறோம். இப்படி மூன்று முறை செய்தபின், முதன்முதலில் அதைச் செய்த தொழிலாளியின் சுத்தியல் தடம் எங்கே இருக்கும்? அவர் என்ன இரும்பைப் பயன்படுத்தினார், எப்படி ரிவெட் அடித்தார், எங்கே பிழை செய்து அதை மறைத்தார் என்பதெல்லாம் போய்விடும். சென்னையில் பெரம்பூர்ப் பணிமனை 2010-இல் உயிர்ப்பித்த, கிழக்கிந்திய ரயில்வேயின் (இ.ஐ.ஆர்.) 21 என்னும் எஞ்சின் 1855-இல் லீட்ஸ் நகரில் பிறந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. அதை மீண்டும் ஓட்ட, பல உறுப்புகளைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அது ஓடியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் சில எஞ்சின்களையாவது, துருவை மட்டும் நிறுத்திவிட்டு, எந்தப் பாகத்தையும் மாற்றாமல், உள்ளபடியே விட்டுவைக்க வேண்டும். உங்கள் ஊர் ஒய்.பி. அப்படிப்பட்டதாக இருக்கலாம். அது ஓடவில்லையே என்று வருந்தாதீர்கள். கடைசியாக ஓடிய நாளின் நிலையில் அது அப்படியே நிற்கிறது என்று பாருங்கள்.

நம் ஊரில் பாதையும் எஞ்சினும் அரசின் சொத்து என்பதால், இங்குள்ளதைப் போல ஆர்வலர்கள் விலைக்கு வாங்கி ஓட்டுவது பெரும்பாலும் நடவாது. ஆகவே நம்மவர்களுக்கு மிஞ்சுவது கண்காணிப்பதும் ஆவணப்படுத்துவதும்தான். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதி, அந்த எஞ்சின் எந்த ஆண்டு செய்யப்பட்டது, எந்தெந்த ஷெட்டுகளில் இருந்தது, எப்போது பணியிலிருந்து நீக்கப்பட்டது என்று கேட்கலாம். பதிவேடு இல்லை என்று பதில் வந்தாலும், அதுவும் ஒரு தகவல்தான்.

பொன்மலை ஓய்வூதியர்:

லங்காஷயர் நண்பர் சொன்னது எனக்குப் புரிகிறது, பாதி ஏற்கிறேன். சுத்தியல் தடத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்படும் ஒருவரை என் பணிக்காலத்தில் நான் சந்தித்திருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பேன். ஆனால் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே எந்த எஞ்சினும் ‘அசலாக’ இருந்ததில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சக்கரத்தின் டயர் தேயும், கடைசலில் கொடுப்போம், மறுபடி தேயும், மாற்றுவோம். ஓவர்ஹாலுக்கு வந்த எஞ்சினின் பாய்லரைத் தூக்கி வேலைக்கு அனுப்பிவிட்டு, ஏற்கெனவே பழுதுபார்த்துத் தயாராக இருக்கும் வேறொரு பாய்லரை அதில் உட்கார வைத்து அனுப்புவோம். ஓர் எஞ்சின் முப்பது ஆண்டுகள் உழைத்திருந்தால், சட்டகமும் எண்ணும் தவிர மற்ற எல்லாமே இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. திருவாரூர்த் தேரின் சக்கரமும் அச்சும் இரும்பாக மாறியபின் அது ஆழித்தேர் இல்லை என்று யாரேனும் சொல்கிறார்களா? ஆகவே பொன்மலையில் புதிதாகச் செய்த எக்ஸ் எஞ்சினைக் குறைசொல்ல என் மனம் ஒப்பவில்லை. எங்கள் பணிமனையைப் பற்றிப் பேசுவதால் எனக்குப் பாரபட்சம் உண்டு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாக்க வேண்டியதில் எது முதலில் அழியும் என்று கேட்டால், இரும்பு அன்று என்றே சொல்வேன். அகலப்பாதையில் நீராவி 1995-இல் முடிந்தது. மீட்டர் கேஜில் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. அன்று இருபத்தைந்து வயதில் கரி தள்ளிய இளைஞனே இன்று ஓய்வை நெருங்கிவிட்டான் அல்லது கடந்துவிட்டான். ஒய்.பி. ஓட்டிய மூத்த டிரைவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? உங்கள் ஊர் ஜங்ஷன் என்றால், ரயில்வே காலனியை ஒட்டிய தெருக்களில் யாரேனும் இருப்பார்கள். போய்ப் பேசுங்கள், அனுமதி பெற்றுப் பதிவு செய்யுங்கள். ‘உங்கள் அனுபவம் எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நன்றாக இருந்தது’ என்று முடித்துவிடுவார்கள். ‘தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் ஓட்டத்தில் வெடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்’ என்று கேளுங்கள். கோட்டைக் கழற்றிக் கையைச் சுற்றிக்கொண்டு, சீறும் நீராவிக்குள் கையை விட்டு மேல் திருகையும் கீழ்த் திருகையும் அடைத்த கதை வெளியே வரும். ‘ஈரக்கரி வந்தால் தீயை எப்படிக் காப்பாற்றுவீர்கள்’, ‘ஈயப் பிளக் உருகியதை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா’ என்று கேளுங்கள். பின்னதற்குப் பலர் பதில் சொல்லத் தயங்குவார்கள், ஏனென்றால் பாய்லரில் தண்ணீர் வற்ற விட்டவருக்குத்தான் அந்த அனுபவம் கிடைக்கும். தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், இரண்டாம் முறை போகும்போது அவராகவே சொல்வார்.

அடுத்த முறை அந்த எஞ்சினைப் பார்க்கப் போகும்போது, மாலை மங்கியபின் ஒரு டார்ச் விளக்கோடு, அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். சக்கரங்களை இணைக்கும் தண்டுகளின் மீது விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளி வண்ணத்துக்கு அடியில் எண்கள் குத்தியிருப்பது தெரியும். சுரண்ட வேண்டாம், படம் மட்டும் எடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்.

மீட்டர்கேஜ் பிரியன்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் தாமதமாகிவிட்டது.

ஐயா சொன்னபடியே நான்கு வேலைகள், நான்கு படங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். நிலைய மேலாளர் அன்பாகப் பேசினார். பெரிய வேலைகளுக்குக் கோட்ட அலுவலகத்தின் ஒப்புதல் வர வேண்டும் என்றும், புகைபோக்கிக்கு மூடி போடுவதைத் தம் அளவிலேயே செய்ய முடியும் என்றும் சொன்னார். நேற்று மாலை, பழைய எண்ணெய்ப் பீப்பாயின் மூடியை வெட்டிக் கறுப்பு அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். கீழேயிருந்து பார்த்தால் தெரியவே இல்லை.

அவருடைய அனுமதியோடு நேற்றே டார்ச் விளக்கையும் கொண்டுபோனேன். என் மகள் விளக்கைப் பிடித்துக்கொண்டாள். தண்டுகளின் மேல் பல கோட் பெயின்ட் இருந்தது. முதலில் பெயின்ட் வழிந்த மேடு பள்ளம்தான் தெரிந்தது. விளக்கை ஏறக்குறைய தண்டோடு ஒட்டிப் பிடித்த பிறகு, ஒவ்வோர் எண்ணாக நிழல் விழுந்து எழுந்து வந்தது. வலப்பக்கத் தண்டில் இருப்பது கேபினில் எழுதியிருக்கும் அதே எண். இடப்பக்கத் தண்டில் முன்பகுதியில் ஓர் எண்ணும், பின்பகுதியில் வேறோர் எண்ணும் இருக்கின்றன. இரண்டுமே கேபின் எண் அல்ல. அவற்றில் ஒன்றின் மேல் உளியால் குறுக்குக்கோடு அடித்ததைப் போன்ற தடமும் தெரிகிறது. எங்கள் எஞ்சின் மூன்று எஞ்சின்களா என்று மகள் கேட்டாள். படங்களை இணைத்திருக்கிறேன்.

பொன்மலை ஓய்வூதியர்:

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. குறுக்குக்கோடு அடித்தால், அந்தத் தண்டு முதலில் இருந்த எஞ்சினிலிருந்து கழற்றப்பட்டு வேறொன்றுக்குப் போயிற்று என்று பொருள். அதை எடுத்துக்கொண்ட எஞ்சினின் எண்ணைப் பக்கத்தில் குத்துவோம். உங்கள் எஞ்சினின் எண்ணை அங்கே குத்தாமல் விட்டிருப்பதைப் பார்த்தால், அவசரமாக, ஷெட்டிலேயே நடந்த மாற்றம் போலத் தெரிகிறது. பணிமனையில் அப்படி விட்டிருக்க மாட்டோம். அந்த இரண்டு எண்களையும் குறித்துவைத்து, தகவல் உரிமை மனுவில் மூன்று எஞ்சின்களைப் பற்றியும் கேளுங்கள். இடப்பக்கப் பின் தண்டின் உட்புறத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், தம்பி. அங்கே குத்திய எழுத்தின் வடிவம் எனக்குத் தெரிந்ததைப் போல இருக்கிறது.